ஏலத்தில் எடுத்த பொருள் காணாமற் போனால்

ஊவாவின் தேயிலை ஓரிடத்தில் விளைந்து வேறோரிடத்தில் விலைப்படுகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று மத்திய மலையைக் கடந்து வறண்டு வீசும்போது பதுளை, பசறை, தெமோதரை, மடுல்சீமை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத்துக் கொழுந்தில் ஒரு தனி வாசனை ஏறும். அந்தப் பருவத் தேயிலைக்கென்றே காத்திருந்து கூடுதல் விலை கொடுப்பவர்கள் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு விலை விழுவது 1883 ஜூலை 30 அன்று தொடங்கிய கொழும்பு ஏலத்தில். தோட்டத்து ஸ்டோரில் பைகளில் கட்டி, லொறி ஏற்றி, களஞ்சியத்தில் இறக்கி, மாதிரி எடுத்து, பட்டியலிட்டு, ஏலம் கூறி, கடைசியில் ஏற்றுமதிக்காரரின் லொறியில் ஏறும் வரை அந்தத் தேயிலை எத்தனையோ கை மாறுகிறது. ஒரு லொட் வழி தவறிப் போக இத்தனை கைகள் போதும்.

ஏலம் தேயிலைக்கு மட்டும் உரியதல்ல. மீட்கப்படாத அடகு நகை ஏலத்துக்கு வருகிறது. தவணை தவறிய முச்சக்கர வண்டியை லீசிங் கம்பனி ஏலம் விடுகிறது. நீதிமன்றம் பறிமுதல் செய்த வழக்குப் பொருள்களும், தோட்டத்தில் வெட்டிய மரமும், கழித்துவிட்ட பழைய இயந்திரமும் ஏலத்தில்தான் போகின்றன. கொழும்பில் ஆயிரக்கணக்கான கிலோ எடுக்கும் கம்பனிக்கும், பதுளை நகரில் ஒரு சோடித் தோடு எடுக்கும் லயத்துக் குடும்பத்துக்கும் கேள்வி ஒன்றுதான். விலை கேட்டாயிற்று, நம் பெயருக்கு விழுந்தாயிற்று, பணமும் கட்டியாயிற்று. எடுக்கப் போனால் பொருளைக் காணோம் என்கிறார்கள். இப்போது என்ன செய்வது?

பெரும்பாலோர் முதலில் கேட்பது, "பொருள் இன்னும் அவர்களுடையதா, நம்முடையதா?" என்பது. சட்டமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் வாங்கியவர் தோற்றுப் போவார். பொருள் யாருக்குச் சொந்தம் என்பதைவிட, தொலைந்தபோது அது யார் பொறுப்பில் இருந்தது என்பதுதான் வழக்கைத் தீர்மானிக்கிறது. இக்கட்டுரை வலியுறுத்த விரும்புவது அதைத்தான்.

இலங்கையில் பொருள் விற்பனையை ஆள்வது 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். 1893 இல் இங்கிலாந்து இயற்றிய சட்டத்தை அது அடியொற்றிச் செல்கிறது. அதன்படி ஏலத்தில் ஒவ்வொரு லொட்டும் தனித்தனி ஒப்பந்தம். ஏலம் கூறுபவர் சுத்தியலைத் தட்டியோ, வழக்கமான வேறு முறையிலோ முடிந்தது என்று அறிவிக்கும் கணத்தில் விற்பனை நிறைவேறிவிடுகிறது. 2020 இல் கொரோனாவோடு கொழும்புத் தேயிலை ஏலம் கணினித் திரைக்கு மாறிய பிறகு சுத்தியல் சத்தம் இல்லை. திரையில் பெயர் விழுவதே சுத்தியல். அந்த நேரம் வினாடி வரை பதிவாகிறது என்பது வாங்குபவருக்கு ஒரு வசதி.

குறித்த ஒரு பொருள், அப்படியே கொடுக்கக்கூடிய நிலையில் இருந்தால், வேறு உடன்பாடு இல்லாதபோது ஒப்பந்தம் முடிந்த கணமே உரிமை வாங்கியவருக்குப் போய்விடுகிறது. பணம் இன்னும் கட்டவில்லை, பொருள் இன்னும் கைக்கு வரவில்லை என்பது அதைத் தடுப்பதில்லை. 1948 இல் இங்கிலாந்தில் தீர்ப்பான டெனன்ட் எதிர் ஸ்கின்னர் வழக்கு இதை அழகாகக் காட்டுகிறது. ஒருவர் பொய் சொல்லிக் கார் ஏலத்தில் ஒரு காரை எடுத்து, காசோலை கொடுத்தார். காசோலை தேறும் வரை கார் தன்னுடையதாகாது என்று ஒரு தாளிலும் கையெழுத்திட்டார். காசோலை திரும்பி வந்தது. ஆனால் நீதிமன்றம், சுத்தியல் விழுந்தபோதே உரிமை மாறிவிட்டது, பிறகு போட்ட கையெழுத்து பிந்திவிட்டது என்றது. இந்தத் தீர்ப்பிலிருந்து நமக்கு இரண்டு பாடங்கள். உரிமை எப்போது மாறுகிறது என்பது ஒன்று. ஏலம் முடிந்த பிறகு நீட்டப்படும் நிபந்தனை நம்மை இலகுவில் கட்டாது என்பது மற்றது. இரண்டாவதைப் பிறகு பார்ப்போம்.

முதலாவதில் ஒரு கசப்பு உண்டு. அதே கட்டளைச் சட்டம், உரிமை யாரிடமோ நட்டப் பொறுப்பும் அவரிடமே என்கிறது. பிற்பகல் இரண்டு மணிக்கு ஏலம் முடிந்து, மூன்று மணிக்குக் களஞ்சியத்தில் இடி விழுந்து எரிந்தால், எரிந்தது வாங்கியவரின் தேயிலை. விலையையும் அவர் கொடுக்க வேண்டியிருக்கலாம். 2016 மே மாத வெள்ளத்தில் களனி ஆற்றோரத் தாழ்நிலங்கள் மூழ்கியதைப் பார்த்த எவரும் இதை ஏட்டுச் சுரைக்காய் என்று தள்ளமாட்டார்கள்.

ஆனால் இடி விழுவது வேறு, தொலைப்பது வேறு. நட்டப் பொறுப்பைப் பற்றிய விதிக்குப் பக்கத்திலேயே சட்டம் இன்னொரு வரியையும் வைத்திருக்கிறது. பிறர் பொருளைத் தம் காவலில் வைத்திருப்பவரின் கடமைகளை அந்த விதி ஒருபோதும் குறைக்காது. அதாவது, சுத்தியல் விழுந்த பின் ஏல நிறுவனம் உங்கள் பொருளின் காவலர். காவலர் நியாயமான கவனம் எடுக்க வேண்டும். பொருள் திரும்பவில்லையானால், தம் கவனக்குறைவால் அது போகவில்லை என்று காட்ட வேண்டிய சுமையும் அவருடையதே. 1962 இல் தீர்ப்பான ஹொக்லன்ட் எதிர் லோ வழக்கில் ஒரு பயணியின் பெட்டி பஸ்ஸில் காணாமற் போனது. எங்கே, எப்படிப் போனது என்று கம்பனியால் விளக்க முடியவில்லை. அந்த விளக்கமின்மையே அதற்கு எதிராகப் போயிற்று. நம் நாட்டில் காவல் ஒப்பந்தங்களுக்கு அடிப்படையாக நிற்கும் ரோமன் டச்சுச் சட்டமும் வேறு வழியில் இதே முடிவுக்குத்தான் வருகிறது. ஆகவே "எப்படிப் போனதென்று தெரியவில்லை" என்று ஏல நிறுவனம் சொன்னால், அது நிறுவனத்தைக் காக்கும் பதில் அல்ல. வாங்கியவர் அதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே எதிர்ப் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எடுக்க வேண்டிய நாளில் எடுக்காமல் வாங்கியவர் இழுத்தடித்தால் நிலைமை மாறும். 1949 இல் டெம்பி ஹமில்டன் வழக்கில், வாங்க ஒப்புக்கொண்ட ஆப்பிள் சாற்றை எடுக்காமல் வாங்கியவர் தாமதித்தார். சாறு அழுகிப் போனது. தாமதித்தவர் தலையில்தான் நட்டம் விழுந்தது. தேயிலையும் அப்படியே ஈரத்தையும் பிற வாசனையையும் உறிஞ்சும் பண்டம். தவணை நாளில் பணம் கட்டி, கட்டிய கையோடு லொறி அனுப்புகிறவருக்குச் சட்டம் துணை நிற்கும் அளவுக்கு மற்றவருக்கு நிற்காது.

யார் மீது போவது என்பது அடுத்த சிக்கல். ஏலம் கூறுபவர் பெரும்பாலும் பொருளுக்குச் சொந்தக்காரர் அல்ல. விற்பவரின் முகவர். கொழும்பில் தரகுக் கம்பனி தோட்டத்துக்காக விற்கிறது. பதுளையில் ஏலக்காரர் வங்கிக்காகவோ லீசிங் கம்பனிக்காகவோ விற்கிறார். "நாங்கள் இடையில் நின்றவர்கள் மட்டுந்தான், தோட்டத்தைக் கேளுங்கள்" என்ற பதில் வரும். தோட்டம், "நாங்கள் தரகரிடம் ஒப்படைத்துவிட்டோம்" என்னும். இந்தப் பந்தாட்டத்தில் வாங்கியவரின் மாதங்கள் கரையும். 1925 இல் பென்டன் வழக்கில் நீதிபதி சோல்டர் இதைத் தெளிவாக்கியிருக்கிறார். குறித்த ஒரு பொருளை ஏலம் விடுபவர், அதன் உரிமை பழுதற்றது என்று உத்தரவாதம் தருவதில்லை. ஆனால் விலையைப் பெற்றுக்கொண்டு பொருளைக் கையளிப்பேன் என்று தம் சொந்தப் பொறுப்பில் வாக்களிக்கிறார். விலையைக் கேட்டு வழக்குப் போடும் உரிமை அவருக்கு இருக்கும்போது, பொருளைக் கேட்டு அவர்மீது வழக்குப் போடும் உரிமை வாங்கியவருக்கு இருப்பதுதானே நியாயம்? எனவே முதற் கடிதத்தையே இருவருக்கும் அனுப்புவது நல்லது. ஏலக்காரருக்குக் கையளிக்கும் வாக்கைச் சொல்லியும், விற்பவருக்கு விற்பனை ஒப்பந்தத்தைச் சொல்லியும் எழுத வேண்டும்.

மூன்றாமவரும் ஒருவர் இருக்கலாம். பொருள் தனியார் களஞ்சியத்தில் இருந்தால், இனி இதை உங்களுக்காக வைத்திருக்கிறோம் என்று களஞ்சியக்காரர் ஏற்றுக்கொள்ளும் வரை சட்டப்படி கையளிப்பு நடக்கவில்லை. டெலிவரி ஓடரைக் கொடுத்துவிட்டு அதற்குக் களஞ்சியத்தின் முத்திரையும் திகதியும் வாங்காமல் வருவது, பாதிக் கையளிப்போடு திரும்பி வருவது போலத்தான். ஊவாவுக்கு இன்னொரு நுணுக்கம் உண்டு. தோட்டத்திலிருந்தே விற்கும் தேயிலைக்கெனக் கொழும்பு ஏலத்தில் 'எக்ஸ் எஸ்டேட்' என்ற தனிப் பட்டியல் உண்டு. அப்படி விற்ற பைகள் பசறையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ ஹல்துமுல்லைச் சரிவு வழியாக இறங்கும்போது மழையும் மண்சரிவும் குறுக்கிட்டால், அந்தப் பயணம் யார் செலவில், யார் பொறுப்பில் என்பதை நிபந்தனைகளில் முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும்.

உண்மையில் மாயமாய் மறையும் பொருள் குறைவு. தொலைந்தது என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இடம் மாறிய பொருளாகவே இருக்கும். ஒரே தோட்டத்தின் முத்திரை, ஒரே தரம், அடுத்தடுத்த இன்வொய்ஸ் இலக்கம் என்று இருந்தால் பைகள் பக்கத்து லொட்டோடு ஏறிவிடலாம். ஆகவே முதல் வேலை தேடச் செய்வது. களஞ்சியத்தின் உள்வரவு, வெளிச்செல்லல் பதிவுகளையும், அதே நாளில் வெளியேறிய லொறிகளின் விபரத்தையும் எழுத்தில் கேட்கவேண்டும். உரிமை உங்களுக்கு மாறியிருப்பதால், இன்னொருவர் களஞ்சியத்தில் கிடக்கும் உங்கள் பைகளைப் பொருளாகவே திருப்பிக் கேட்கலாம். கலவை இயந்திரத்துக்குள் போவதற்கு முன் கேட்க வேண்டும் என்பதால் இதில் வேகம் முக்கியம்.

கிடைக்காது என்றாகிவிட்டால் பணக் கணக்கு. கட்டிய விலையைத் திருப்பித் தருகிறோம் என்றுதான் நிறுவனம் பேச்சைத் தொடங்கும். பலர் அதோடு திருப்திப்பட்டு வந்துவிடுகிறார்கள். இது தவறு. கையளிக்கத் தவறியதற்கான நட்டஈடு வேறு. ஒப்பந்த விலைக்கும், கையளிக்க வேண்டிய நாளில் அதே மாதிரிப் பொருளுக்கு இருந்த சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசம் அது. உதாரணத்துக்கு, கிலோ 1,500 ரூபாவுக்கு எடுத்த 400 கிலோ தேயிலை காணாமற் போகிறது. அடுத்த ஏலத்தில் அதே தரம் 1,900 ரூபாவுக்குப் போகிறது. கட்டிய 6 இலட்சம் ரூபாவோடு மேலும் 1 இலட்சத்து 60 ஆயிரம் ரூபாவைக் கேட்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு.

ஊவாப் பருவத் தேயிலை இந்தக் கணக்கையும் குழப்புகிறது. காற்று மாறினால் வாசனை போய்விடும். ஓகஸ்ட் கடைசியில் தொலைந்த லொட்டுக்கு ஒக்டோபரில் ஈடு கிடையாது. அதே தோட்டம், அதே தரம் என்று பெயர் இருக்கலாம், குவளையில் அந்தத் தேயிலை இருக்காது. அதனால் சந்தை விலையை எந்த வாரத்து ஏலத்திலிருந்து எடுப்பது என்பதே வழக்காகிவிடும். இங்கே வாங்கியவரைக் காப்பது ஏலத்துக்கு முன் தரகர் அனுப்பும் மாதிரிப் பொட்டலம். வாங்கிய லொட்டின் மாதிரியை, பொருள் கைக்கு வந்து சேரும் வரை முத்திரையோடு வைத்திருப்பவரிடம் தரத்துக்கு ஆதாரம் இருக்கிறது. சுவைத்துப் பார்த்தவுடன் அதைக் குப்பையில் போடுபவரிடம் பட்டியலின் ஒரு வரிதான் மிச்சம்.

இன்னொன்று, ஏற்றுமதி ஓடர் கைநழுவிய நட்டம். 1854 இன் ஹட்லி எதிர் பக்ஸென்டேல் வழக்குத் தொட்டு இன்றுவரை விதி இதுதான். விசேட நட்டத்தைக் கேட்க வேண்டுமானால், அது நேரக்கூடும் என்று மறுதரப்பு ஒப்பந்தத்தின்போதே அறிந்திருக்க வேண்டும். "இந்த லொட் இன்ன திகதிக் கப்பலுக்கு" என்று ஏலத்துக்கு முன் ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தால் போதும். 2006 இன் மின்னணு ஊடுசெயல்கள் சட்டத்துக்குப் பிறகு அத்தகைய செய்திகளை ஆதாரமாகக் காட்டுவதில் தயங்க வேண்டியதில்லை.

சரி, நிபந்தனைத் தாள் என்ன சொல்கிறது? "நிறுவனம் பொறுப்பல்ல" என்ற வாசகம் இல்லாத ஏலத் தாள் அரிது. அதைப் பார்த்ததும் பலர் கை கழுவிவிடுகிறார்கள். 1997 இன் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டத்தை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். கவனக்குறைவால் வந்த நட்டத்துக்குப் பொறுப்பில்லை என்று எழுதிக்கொள்ளும் நியதி, நியாயமானதா என்ற சோதனையில் தேற வேண்டும். மேலே சொன்ன டெனன்ட் தீர்ப்பின் இரண்டாம் பாடமும் இங்கே உதவும். ஏலம் முடிந்த பின் பற்றுச்சீட்டின் முதுகில் அச்சிட்டுத் தந்த நிபந்தனை, ஏலத்துக்கு முன் சொன்ன நிபந்தனை ஆகாது.

பெரிய ஏல நிறுவனங்களும் தொலைக்கத்தான் செய்கின்றன. 2000 ஆம் ஆண்டில் லண்டன் சோதபீஸ் நிறுவனத்தின் ஊழியர்கள், பெட்டிக்குள் லூசியன் புரொய்ட்டின் ஓவியம் இருப்பது தெரியாமல் அதைக் குப்பை நசுக்கும் இயந்திரத்தில் போட்டுவிட்டார்கள். ஆனால் அத்தகைய நிறுவனங்கள் ஏலத்துக்குப் பின் குறித்த நாட்கள் வரை, பொதுவாக முப்பது நாள், நட்டப் பொறுப்பைத் தாமே சுமந்து, விலை அளவுக்கு ஈடு தருவதாகத் தம் நிபந்தனையிலேயே எழுதி வைத்திருக்கின்றன. கொழும்புத் தேயிலை ஏலத்திலும் வாங்குபவரும் விற்பவரும் தரகரும் 1894 இல் உருவான கொழும்புத் தேயிலை வர்த்தகர் சங்கத்தின் குடைக்குள் இருப்பவர்கள். அடுத்த வாரமும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியவர்கள். தகராறு பெரும்பாலும் நீதிமன்றம் வராமல் தீர்வதற்கு அதுவே காரணம். தீராவிட்டால் 1995 இன் நடுத்தீர்ப்புச் சட்டம் இருக்கிறது.

என் கவலை அவர்களைப் பற்றியது அல்ல. பதுளை நகரில் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஏலத்துக்கு வரும் தோட்டத் தொழிலாளியைப் பற்றியது. அவருக்குச் சங்கம் இல்லை, சட்டத்தரணி இல்லை. கொடுத்த பணத்துக்குச் சில வேளை ஒழுங்கான பற்றுச்சீட்டும் இல்லை. இருந்தாலும் அது அவர் வாசிக்கும் மொழியில் இல்லை. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டு வருடங்கள் ஆகிவிட்டன. தனியார் ஏலத் தாள்களில் அதன் அடையாளத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

அவருக்கும் வழி உண்டு. சொந்தப் பாவனைக்கு வாங்கியவரானால் 2003 இன் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். இதற்கு மூன்று மாதந்தான் அவகாசம். "இன்றைக்கு வா, நாளைக்கு வா" என்று அலைக்கழிக்கும் நிறுவனத்துக்கு மூன்று மாதத்தை ஓட்டுவது பெரிய காரியமல்ல. ஆகவே பேச்சு நடக்கும்போதே முறைப்பாட்டையும் போட்டுவிட வேண்டும். திரும்ப விற்க வாங்கிய வியாபாரிக்கு இந்த வாசல் இல்லை. 1988 இன் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபை செலவில்லாத இடம். குறித்த தொகைக்கு உட்பட்ட தகராறுகள் அங்கே போய் வந்த பிறகே நீதிமன்றம் ஏற முடியும். தீராவிட்டால் அது தரும் சான்றிதழோடு வழக்கு. வழக்குக்கான காலம் 1871 இன் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், வாய்மொழி ஒப்பந்தத்துக்கு மூன்று, கவனக்குறைவு போன்ற தீங்குக்கு இரண்டு. ஒரு துண்டுப் பற்றுச்சீட்டின் மதிப்பை இந்த இடைவெளியே சொல்லும்.

தொலையவில்லை, யாரோ எடுத்திருக்கிறார்கள் என்ற நியாயமான சந்தேகம் இருந்தால் பொலிஸுக்கும் போகவேண்டும். 1883 இன் தண்டனைச் சட்டக்கோவை, களஞ்சியக்காரரும் தரகரும் செய்யும் நம்பிக்கை மோசடியைச் சாதாரண மோசடியைவிடக் கடுமையாகப் பார்க்கிறது. ஆனால் பணத்தை மீட்பதற்கான மிரட்டலாக மட்டும் பொலிஸ் முறைப்பாட்டைப் பயன்படுத்துவதை நான் ஆதரிக்கமாட்டேன். ஆதாரமில்லாத முறைப்பாடு, சிவில் வழக்கில் வாங்கியவரின் சொல்லுக்கு இருக்கும் பாரத்தையும் குறைத்துவிடும்.

இவ்வளவும் இருந்தும் சிறிய கொள்வனவாளருக்குச் சட்டம் போதவில்லை என்பதே என் முடிவு. 1896 இன் கட்டளைச் சட்டம் வியாபாரிக்கும் வியாபாரிக்கும் இடையே எழுதப்பட்டது. சுத்தியல் விழுந்ததும் நட்டம் வாங்குபவருடையது என்ற விதி, காப்புறுதி வைத்திருக்கும் ஏற்றுமதிக்காரருக்குப் பொருந்தலாம். ஒரு சோடித் தோட்டை எடுக்கும் பெண்ணுக்குப் பொருந்தாது. பாவனையாளரின் கைக்கு வரும் வரை நட்டம் வியாபாரியுடையதே என்று ஐரோப்பிய ஒன்றியம் 2011 இன் பணிப்புரையிலும், பிரித்தானியா 2015 இன் நுகர்வோர் உரிமைச் சட்டத்திலும் எழுதிவிட்டன. நாம் எந்த இங்கிலாந்துச் சட்டத்தைப் பார்த்து எழுதினோமோ, அந்த இங்கிலாந்தே பாவனையாளருக்கு அதை மாற்றிவிட்டது. நமது 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படி ஒரு விதி இல்லை.

மலையகத்திலிருந்து பாராளுமன்றம் போயிருப்பவர்கள் இதைக் கேட்க வேண்டும். பொருள் பாவனையாளரின் கைக்கு வரும் வரை ஏல நிறுவனமே நட்டம் ஏற்க வேண்டும். ஏல நிபந்தனைகளை ஏலத்துக்கு முன், தமிழிலும் சிங்களத்திலும் கொடுக்க வேண்டும். இதற்குப் புதிய நிறுவனமோ பெரிய நிதியோ தேவையில்லை, சட்டத்தில் இரண்டு பிரிவுகள் போதும். அவை வரும் வரை, பதுளையில் ஏலத்துக்குப் போகும் ஒவ்வொருவரும் பெயர், லொட் இலக்கம், தொகை, திகதி நான்கும் எழுதிய பற்றுச்சீட்டு கைக்கு வராமல் பணத்தைக் கொடுக்க வேண்டாம். பொருளை அன்றே எடுத்து வாருங்கள். கிடைக்கவில்லையென்றால் அன்றே எழுத்தில் கேளுங்கள்.